பியானோவுக்குப் பின்னால் ஒரு மூச்சு

சின்ன பட்ஜெட்டில் எடுத்த ஒரு படத்துக்கு அந்த இசையமைப்பாளர் ஜாஸ் ஆல்பம் செய்திருந்தார். பியானோவும், நடுநடுவே தகரத்தைக் கீறுகிற சத்தமும் மட்டும்தான். வெளியிடுவதற்கு முன் ஒலிப்பதிவாளரோடு உட்கார்ந்து கேட்டபோது, ஒவ்வொரு பாட்டிலும் யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"மூக்கைப் பொத்திக்கிட்டா வாசிக்க முடியும்?" என்று அவர் சிரித்தார்.

"உங்க மூச்சு இல்ல சார். இதுல இழுப்பு இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர். எத்தனை தடவை அழித்தாலும் அது திரும்ப வந்தது.

மதியம் ஸ்டுடியோவுக்கு வந்த இசையமைப்பாளரின் அக்கா ஹெட்போனை மாட்டியதும், "அட, நம்ம அப்பா! இங்க எப்படா கூட்டிட்டு வந்த?" என்றாள்.

ஆஸ்துமாக்கார அப்பா ஸ்டுடியோ பக்கமே வந்ததில்லை. இசையமைப்பாளர் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னார். பாதிவரை இழுத்து இழுத்து வந்த மூச்சு சட்டென்று நின்றது. பியானோ மட்டும் தொடர்ந்தது.

அவர் வீட்டுக்குப் போன் போட்டார். அப்பாவே எடுத்தார். மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டைரக்டர் உன் ஆல்பத்தை அனுப்பியிருக்காருடா. காலையிலேருந்து கேக்கறேன். முதல்ல கர்ணகடூரமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. கடைசிப் பாட்டு ஓடுது."

"நிறுத்துங்கப்பா! உடனே நிறுத்துங்க!"

"சும்மா இருடா, நல்ல இடத்துல வந்து..." என்று அப்பா போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டார்.

போனில் பியானோ கேட்டது. அதன் பின்னால் இரண்டு மூச்சுகள் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.