மஞ்சள் பெஞ்சு

“யாரும் தனியாக இல்லாத ஊர்” என்று தீர்மானம் போட்ட அந்த வேல்ஸ் சிற்றூர் மன்றம், பேச்சுத்துணை இல்லாதவர்களுக்காகப் பூங்காவில் ஒரு மஞ்சள் பெஞ்சும் போட்டது. யாராவது வருகிறார்களா என்று பார்க்க, மன்றத் தலைவர் க்விலிம் தினமும் அதில் போய் உட்கார்ந்தார்.

இன்றுதான் ஒரு பெண்மணி வந்து அமர்ந்தார். ‘பாவம், பேச நாதியில்லை போலிருக்கிறது’ என்று இரங்கிய க்விலிம், விடாத மழையில் தொடங்கி, மனைவி போய்ச் சேர்ந்தது, மகன் போன் செய்யாதது, மூட்டுவலி வரைக்கும் பேசித் தீர்த்தார்.

“இப்ப மனசு லேசாச்சாம்மா?”

“எனக்கென்னங்க, வீடு கொள்ளாத பேரப்பிள்ளைங்க! இங்க ஒரு பெரியவர் தினமும் ஒத்தையில உக்காந்திருக்காரு, போய்ப் பேசுங்கன்னு மன்ற ஆபீஸ்லதான் அனுப்பினாங்க.”

க்விலிம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நம்ம திட்டம் நல்லாத்தான் வேலை செய்யுது... நாளைக்கும் வருவீங்களா?”