இருபத்திரண்டு நிமிடம்

அந்த விசிட்டிங் கார்டு உலைக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. போட்டிக் கம்பெனியின் பெயர் அதில் தங்க எழுத்தில் பளபளத்தது.

"நான் சொன்னப்போ நம்பல இல்ல? இப்போ உன் கண்ணாலயே பாரு பாப்பா" என்றார் அண்ணன். உலை அறை வாசல் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து அதை எடுத்ததும் அவர்தான். அவளுக்கு நாற்பது வயதாகியும் அவருக்கு இன்னும் பாப்பாதான். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும், இந்தக் கம்பெனியை ஆரம்பித்துக் கொடுத்ததும் அவரே.

அவள் கையில் இன்னொரு தாளும் இருந்தது. போட்டிக் கம்பெனி நேற்று வெளியிட்ட விவரத்தாள் அது. கண்ணாடித் தூளையும் பீங்கான் தூளையும் கலந்து, மெல்லிய தகடாக்கி, வெள்ளிக் கோடு அச்சடித்துச் சுட்டெடுக்கும் சர்க்யூட் தகடு. சிக்னல் வழியில் வீணாகாமல் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாள். இப்போது அது எவனோ ஒருவன் பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. 'எண்ணூற்று அறுபது டிகிரியில் இருபத்திரண்டு நிமிடம்' என்று அச்சிட்டிருந்தது. மற்றவர்கள் இருபது என்பார்கள், மிஞ்சினால் இருபத்தைந்து என்பார்கள். ஒரு நாள் உலைக்காரர் டீ குடிக்கப் போய் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தார். அன்று சுட்ட தகடுதான் இதுவரை வந்ததிலேயே சிறந்தது. அதோடு இருபத்திரண்டை யாரும் மாற்றத் துணியவில்லை.

"செய்முறை எழுதின நோட்டு அலமாரியில பூட்டித்தான் இருக்கு. சாவி உன்கிட்ட ஒண்ணு, அந்தாளுகிட்ட ஒண்ணு" என்றார் அண்ணன். "உன் கோழிக் கிறுக்கலை காப்புரிமை விண்ணப்பத்துக்கு டைப் அடிச்சு என் கண்ணு போனதுதான் மிச்சம். நாம பதிவு பண்றதுக்குள்ள மனுஷன் வித்துத் தின்னுட்டான்."

உலை அறைத் தூசி அண்ணனுக்கு ஆகாது. உள்ளே எட்டிப் பார்த்தாலே பத்துத் தும்மல் போடுவார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஆறு வருடமாகத் தாண்டாத அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள்.

"எண்ணூத்தி அறுபது தொட்டாச்சும்மா. இருபத்திரண்டு ஓடிக்கிட்டிருக்கு" என்றார் உலைக்காரர், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். வாங்கிய நாளிலிருந்தே அந்த மீட்டர், வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் போலப் பதினைந்து டிகிரி குறைத்துத்தான் காட்டும். அதை மாற்றினால் பழைய கணக்கெல்லாம் குழம்பிப்போகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மீட்டர் காட்டுவதை நோட்டில் எழுதுவார்கள், பதினைந்தை மனதில் கூட்டிக்கொள்வார்கள்.

அவள் கார்டை நீட்டினாள். "இது எப்படி உங்க பாக்கெட்டுக்கு வந்தது?"

"போன வாரம் தேடி வந்தாங்கம்மா. ரெண்டு மடங்கு சம்பளம் தர்றோம், வந்துடுங்கன்னாங்க. முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, சம்பளத்த ஏத்தச் சொல்லி ஜாடையா கேக்குறேன்னு நினைப்பீங்க."

நேற்றுவரை அவர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருப்பாள். உலை வெடித்து அவள் கை வெந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர். அவரே கழுத்தறுப்பார் என்றால் இனி யாரை நம்புவது? அழுகை வந்தது, அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சாவியை வெச்சிட்டுப் போயிடுங்க."

உலைக்காரர் கையுறைகளைக் கழற்றினார், இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போறேம்மா. எதுக்குன்னாவது சொல்லுங்க."

அவள் விவரத்தாளை மேசையில் வீசினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தார். இருபத்திரண்டு நிமிடம் என்ற இடத்தில் விரல் நின்றது. தலையை நிமிர்த்தி மீட்டரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இதுல அறுபதுன்னு போட்டிருக்கே."

"ஆமா. நம்ம அறுபதுதான்."

"அது நம்ம மீட்டருக்குத்தானம்மா அறுபது? இத நம்பி வேற உலையில எவன் சுட்டாலும் தகடு அரைவேக்காடாத்தான் வரும். நான் வித்திருந்தா எழுபத்தஞ்சுன்னுல்ல சொல்லியிருப்பேன்?"

அவள் தாளை எடுத்து மறுபடி பார்த்தாள். தினமும் பார்த்துப் பழகிய எண் என்பதால், அது தப்பான எண் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. அந்தப் பதினைந்து நோட்டில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. இந்த உலைக்கு முன்னால் நின்றவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அவள் மெல்ல வாசல் பக்கம் திரும்பினாள். அண்ணனின் கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கியிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"என்ன பாப்பா, அறுபது தப்பா? நோட்டுல அப்படித்தானே இருந்துச்சு?"