அம்பு நிற்காத கோடு

எங்கள் மண்டியில் தானிய ரசீது போடும் புரோகிராம் நான் எழுதியது. கறுப்புத் திரையில் ஊர்ப்பட்டியல் வரும்; அம்புக்குறியை நகர்த்தி ஊரை எடுக்க வேண்டும். குமாஸ்தா சென்னப்பனுக்கு அதுவும் வரவில்லை. மலைமேல் இருக்கும் சித்தேரி என்றால் கீழே இருக்கும் கம்பைநல்லூரைத் தட்டுவார். அந்த மேதாவிக்காக மலை ஊர்களுக்கும் கீழே உள்ள ஊர்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டேன். அம்பு அதில் நிற்காது, தாண்டிவிடும்.

இன்று காலை ஒரு ரசீதில் ஊர்ப்பெயருக்குப் பதில் அந்தக் கோடு.

"சாமை கொண்டாந்த அம்மா திரையைப் பார்த்து, இதுதாங்க எங்க ஊருன்னாங்க. அம்பும் நின்னுடுச்சுங்க" என்றார் சென்னப்பன்.

மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வரும் ஆளிடம் என்ன பேச? ஊர்ப்பட்டியலில் இருந்தே அந்தக் கோட்டை அழித்தேன்.

சாயங்காலம் அந்த அம்மா காலிச் சாக்கோடு திரும்பி வந்தார்.

"பஸ்ஸு சித்தேரி வரைக்கும் போச்சுங்க. நடுவுல எங்க ஊரைக் காணோங்க."