இரங்கல் பட்டியல்

தேரடித் தெருவில் இருக்கும் எங்கள் நிதி நிறுவனத்துக்குத் தொண்ணூறு வயது. ஆண்டுப் பொதுக்கூட்டம் தொடங்கும்போது, அந்த வருடம் இறந்துபோன பங்குதாரர்களின் பெயர்களைச் செயலாளர் சின்னசாமி வாசிப்பார். எல்லோரும் எழுந்து நின்று கேட்போம், முடிந்ததும் உட்காருவோம். பட்டியலைத் தட்டச்சு செய்வது நான்.

போன வருடம் ஒன்பது பெயர்கள் கொடுத்தேன். அவர் பத்து வாசித்தார். பத்தாவது, கீழ்பென்னாத்தூர் வேடியப்பன். அவர் மூன்றாவது வரிசையில்தான் இருந்தார். அவர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. தன் பெயர் காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே இறந்துபோனார்.

"தாள்ல இருந்ததைத்தாம்மா படிச்சேன்" என்றார் சின்னசாமி. தாளில் ஒன்பதுதான் இருந்தன.

இந்த வருடம் என் அப்பாவும் பங்குதாரர். அதனால், "நானே படிக்கிறேன், சார்" என்று பட்டியலை வாங்கிக்கொண்டேன். மேடையேறுமுன் இரண்டு முறை எண்ணினேன். பதினொன்று.

பதினொன்றையும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன். யாரும் உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குதேம்மா, படிச்சுடு. எல்லாரும் நின்னுனு இருக்காங்க" என்றார் சின்னசாமி.

எல்லோரும் இல்லை. மூன்றாவது வரிசையில் அப்பா மட்டும் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.