பன்னிரண்டாவது படி

"இடிச்சிரு தங்கச்சாமி."

அல்லாபிச்சை பாய் சொன்னதும் கொத்துக் கரண்டியக் கீழ வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். கோபம்கூட வரல, அலுப்புதான் வந்துச்சு. கட்டின படிய இடிக்கச் சொல்றது இது ரெண்டாந்தடவ.

பாய் வீட்டுக் கொல்லையில நீச்சல் குளம் கட்டுறோம். தொண்ணூத்தஞ்சாம் வருஷக் கோடை. அமராவதிபுதூர் ஜனமெல்லாம் தண்ணி லாரிக்குக் குடத்த வரிசை போட்டுட்டுக் காத்துக் கெடக்கு, இவுகளுக்கு நீச்சல் குளம். கொல்லையில போட்ட போர்ல நல்ல தண்ணி கெடச்சிருச்சு, அந்தத் திமிரு. டீக்கடையில என்னையப் பாத்து, "என்ன மேஸ்திரி, அரண்மனைக் குளம் வேலை எம்புட்டுத் தூரம் வந்திருக்கு?"ன்னு கேலி வேற.

துபாய்ல இருக்க மகன் சல்மான் படம் போட்டு அனுப்பியிருந்தாரு. ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் எட்டடி ஆழம், ஏறி இறங்க ஒரு கம்பி ஏணி. அப்படியே கட்டியிருந்தா ஒரு மாசத்துல முடிச்சிட்டு நாட்டரசன்கோட்டை வேலைக்குப் போயிருப்பேன்.

பாய் விடல. "எட்டடி வேணாம். எல்லா இடமும் நாலடி போதும். ஏணியும் வேணாம், படி கட்டு"ன்னுட்டாரு.

ஏழு இஞ்சு உசரத்துல ஏழு படி கட்டுனேன். லாபம், நஷ்டம், லாபம்னு எண்ணிக்கிட்டே வந்தா கடைசிப் படி லாபத்துல முடியணும். எங்க தொழில்ல அத மீறி எவனும் படி கட்ட மாட்டான்.

பாய் வந்து பாத்தாரு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. செங்கல் சுமந்துக்கிட்டிருந்த சித்தாள் ஒச்சம்மா அக்காவக் கூப்பிட்டாரு.

"ஆத்தா, குடத்துல தண்ணி ரொப்பி இடுப்புல வச்சுக்க. ஒருக்க இறங்கி ஏறிக் காட்டு."

அக்காவுக்கு அம்பத்தஞ்சு வயசு. போன கோடையில ஊருணிப் படியில குடத்தோட விழுந்து வலது முட்டி போச்சு. புருஷன் இல்லாத மனுஷி, வேலைக்கு வந்தாத்தான் உலை வைக்க முடியும். முட்டி இன்னொருக்கப் போனா அதோட முடிஞ்சது.

"பாய், அது முட்டி வலிக்காரி. ஊருணியில விழுந்தது. வேற ஆள ஏத்திப் பாருங்க."

"தெரியும். ஆனா அதுதான் ஏறணும்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. மருமக ஷாஜியா கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு இறங்கணும்ல, அதுக்கு ஒத்திகை பாக்குறாருன்னு நெனச்சேன். அவுக நோகாம குளிக்கிறதுக்கு இங்குட்டு ஒரு ஏழை முட்டி தேயணும். நல்லா இருக்குய்யா நியாயம்.

அக்கா இறங்கிருச்சு. ஏறும்போது நாலாவது படியில சுவத்தப் பிடிச்சிட்டு நின்னுச்சு. மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"இடிச்சிரு"ன்னாரு பாய்.

அடுத்து ஒம்பது படி. அஞ்சரை இஞ்சுக்குக் குறைச்சிருந்தேன். மறுபடி குடம், மறுபடி அக்கா. இந்தத் தடவ ஏழாவது படியில நின்னுச்சு. அதுக்குத்தான் இன்னைக்கு இந்த ரெண்டாவது இடிப்பு.

"எத்தனை இஞ்சுன்னு இப்பவே சொல்லிருங்க பாய். என்னால முடியல."

"நாலு."

"நாலுன்னா பன்னெண்டு படி வருமே. பன்னெண்டு நஷ்டத்துல முடியும். ஒண்ணு கூட்டிப் பதிமூணாப் போட்டுருவோமா?"

"நாலடிக்கு நாலு இஞ்சு வச்சா பன்னெண்டுதான். நஷ்டம்னா இருந்துட்டுப் போகுது. போடு."

போட்டேன். நாலு நாள் ஆச்சு. படி காயிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல.

"நாளைக்கு வராதக்கா. நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்"னேன்.

"வராட்டிச் சோறு நீயா போடுவ தம்பி?"

மறுநாள் அக்கா மூஞ்சி சுருங்குச்சுன்னா கரண்டியப் போட்டுட்டுப் போயிர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். நாட்டரசன்கோட்டைக்காரங்க வேற ஆளப் பாத்துட்டாலும் சரி, இந்தப் பாவம் எனக்கு வேணாம்.

காலையில அக்கா குடத்தோட இறங்குச்சு. ஏறுச்சு. நான் வாய்க்குள்ளயே எண்ணுனேன். பன்னெண்டாவது படியும் ஏறிருச்சு. கை சுவத்துப் பக்கமே போகல.

"வலிக்கல தம்பி"ன்னு எங்கிட்ட சொல்லிட்டு, யாரும் சொல்லாமலே இன்னொருக்க இறங்குச்சு.

பாய் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. பெறகு சாக்பீஸ் எடுத்துக்கிட்டுக் கொல்லை மதில் பக்கம் போயி ரெண்டு கோடு போட்டாரு.

"தங்கச்சாமி, இங்குட்டு ஒரு வாசல் விடு."

"அது தெருப் பக்கம் பாய். போறவுக வாரவுக எல்லாம் உள்ள வந்துருவாக."

"வரட்டும். இடுப்புல குடத்தோட ரெண்டு பேரு இடிச்சுக்காமப் போக வர எம்புட்டு அகலம் வேணும், அதச் சொல்லு."

கோடு போட்ட இடத்தையும் குளத்துப் படியையும் மாறி மாறிப் பாத்தேன்.

"அப்ப, மருமக, பேரன் எல்லாம்..."

"அவுக வருஷத்துல பத்து நாள் வருவாக. மிச்ச நாளெல்லாம் யாருக்கு? ஊருக்குத் தொட்டி கட்டுறேன்னா சல்மான் ஒத்துக்க மாட்டான். அவன் கேட்டா நீச்சல் குளம்னே சொல்லு."

பாய் குளத்துப் பக்கம் திரும்புனாரு. ஒச்சம்மா அக்கா மூணாவது தடவையா ஏறி வந்துக்கிட்டிருந்துச்சு.

"இந்த முட்டி தாங்குற படியில, இனி ஒரு பொம்பளையும் குடத்தோட விழ மாட்டா."