வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம்

“மத்ததெல்லாம் சரி சார். இந்த மெசேஜ் மட்டும் வேண்டாம்” என்று கடைக்காரம்மா மறுபடியும் சொல்லிவிட்டார். “முதல்ல டீயைக் குடிங்க. ஆறிடப் போகுது.”

குழந்தைகளுக்கான காலணிக் கடை அது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது என்று மென்பொருள் ஆலோசகன் காட்டிய எல்லாவற்றுக்கும் மறுபேச்சில்லாமல் தலையாட்டியவர், கடைசி ஒன்றில் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே டீ வரும், சாப்பிட்டீங்களா என்ற விசாரிப்பு வரும். நழுவுவதில் கெட்டிக்காரர் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவனுக்கோ இன்றே சம்மதம் வாங்கியாக வேண்டும். நீண்ட விடுப்புக்குப் பிறகு அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை. “முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளை அனுப்புறேன். நீ இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இரு” என்று மேலாளர் பரிவாகத்தான் சொல்லியிருந்தார். வீட்டில் இருப்பதுதான் அவனால் முடியாத காரியம்.

“ஒரு தடவை படிச்சுப் பாருங்க மேடம்” என்று திரையை அவர் பக்கம் திருப்பினான். அவனே யோசித்து யோசித்து எழுதிய வாசகம்: ‘உங்கள் செல்லத்தின் பாதம் இந்நேரம் வளர்ந்திருக்கும். அளந்து பார்க்க ஒருமுறை வாருங்கள்.’

“ஒரு ஜோடி வாங்கி ஆறு மாசம் ஆனதும் இந்த மெசேஜ் தானாப் போயிடும். போனவங்க திரும்பி வருவாங்க” என்றான்.

“நல்லாத்தானே அக்கா இருக்கு?” என்றாள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த விற்பனைப் பெண். “காலையிலேர்ந்து ஈதான் ஓட்டுறோம். அதுக்கும் ஆறு கால் இருக்கு, ஒரு ஜோடி கேட்டுச்சா?”

“நீ வாயடிக்காம பெட்டியை அடுக்கு.”

வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது என்பது தொழிலில் அவன் கற்ற பாடம். அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். பொறுமையாகக் கேட்டால் வெளியே வந்துவிடும். செலவுக்குப் பயமா? இல்லையாம். வேலை கூடிவிடும் என்ற கவலையா? அதுவும் இல்லையாம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க மேடம். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ஒரு வீட்டுக்கு இது போகக் கூடாது சார். அந்தம்மா போன மாசம் வந்தாங்க. வாங்கிட்டுப் போன ஜோடியைப் போடாமலே கொண்டுவந்து வெச்சாங்க. காசு வேண்டாம், வேற குழந்தைக்குக் குடுங்கன்னாங்க. அவங்க குழந்தை இனிமே வளராது சார்.”

அவன் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். அந்த வீட்டுக்கு மட்டும் போகாம நிறுத்திடலாம், மத்தவங்களுக்குப் போகும். நம்பர் சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்.”

“அதை நான் அப்புறம் பார்த்துக்கிறேன் சார்.”

“மறந்து போச்சுன்னா? அதைப் படிச்சா அவங்க தாங்க மாட்டாங்க மேடம். அந்தம்மா நம்பரைக் குடுங்க.”

“அவங்க நம்பர் இல்ல. பில்லுக்கு வீட்டுக்காரர் நம்பரைத்தான் குடுத்திருந்தாங்க.”

“சரி, அவரோடதைச் சொல்லுங்க.”

கடைக்காரம்மா விற்பனைப் பெண்ணை உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு, அவன் தட்டச்சு செய்யக் காத்திருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து மெல்ல மூடினார்.

“தினமும் நீங்க என்னைக் கூப்பிடுற நம்பர்தான், தம்பி.”