பதினேழாவது டவர்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மின்பாதைக்குக் கணினி மேப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தான் இளவரசன். தரிசில் விழுந்த பதினேழாவது டவரை இழுத்து, தன் சொந்தக் கரும்புத் தோட்டத்தில் வைத்தான்.

உடன் வேலை பார்க்கும் தேவிப்ரியா பதறினாள். "இன்னா சார் இது? ஊரே எங்க நெலத்துல வாணாம்னு சண்டைக்கு நிக்குது. நீங்க வெறும் தரிசை வுட்டுட்டு உங்க கரும்புல வெக்கிறீங்க?"

"அங்க சாலம்மா குடிசை இருக்குதும்மா. பாவம்."

விஷயம் தெரிந்து சாலம்மாள் மறுநாளே ஆபீசுக்கு வந்து கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சாமி. காணாமப் போன எம்புள்ள கவியரசன் திரும்பி வந்தா அந்தக் குடிசையத்தான தேடுவான்? பன்னண்டு வருசமா காத்துக்கினு கெடக்கறேன். அந்தத் தரிசுல நின்னா, அவன் அம்மான்னு கூப்புடறாப்பல இருக்குது."

இளவரசன் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டான்.

அவள் போனதும் தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய மனசு சார் உங்களுக்கு."

அவன் திரையைப் பார்த்தான். தரிசு வெறும் பழுப்பாகத் தெரிந்தது. டவருக்குக் குழி தோண்டினால், தூர்த்த பாழுங்கிணறு வெளியே வந்துவிடும். தங்கையைப் பெண் கேட்டு வந்த கவியரசனை அதில் தள்ளி, அப்பாவும் இவனும்தான் மண்ணைப் போட்டார்கள்.

மூடி முடிக்கும்வரை அவன் அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.